எதிரணிக்காரன் பக்கத்துக் காம்பராவுக்கு வந்த வருஷம்

போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நாங்கள் ஒரே ஒரு கோலால் தோற்றோம். அதைப் போட்டவன் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத் தோட்டத்துக்காரன். இடது காலால் அடிப்பவன். நெட்டையாக, ஒல்லியாக, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடுவான். அவனுக்குக் கொக்கு என்று பட்டம் வைத்ததே நான்தான். நான் ஒரு தடவை கத்தினேன், மேட்டில் இருந்த சனம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. ஆறு வருஷமாக அவன் காலுக்குப் பந்து போனால் எங்கள் பக்கத்தில் கொக்குச் சத்தம்தான்.

நான் பசறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். வாரம் முழுக்க இருபது பிள்ளைகளைத் தாலாட்டித் தூங்கவைக்கிற தொண்டை, ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டைக் கண்டதும் வேறு யாருடையதோ ஆகிவிடும். என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. தேயிலை ஸ்டோரில் மெஷின் சத்தத்துக்கு நடுவே வேலை செய்கிறவர் என்பதாலோ என்னவோ, வெளியே வந்தால் வாயைத் திறக்கவே மாட்டார். அவர்தான் எங்கள் தோட்டத்து உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். ஒரு கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு யார் ஓடினான், யார் நின்றான் என்று எழுதிக்கொண்டே இருப்பார்.

அந்தக் கடைசி ஆட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருக்கிற பெண்பிள்ளை. பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் எந்த மேட்சையும் விடாது. கடலையைப் பங்குபோட்டுச் சாப்பிடுவோம். நான் கத்துவேன், அது பேசாமல் இருக்கும். தோற்ற அன்றைக்கு அதன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, டீம் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கே நெஞ்சு உருகிவிட்டது. அந்த உருக்கத்தில் எழுந்து நின்று, கைகொடுத்துக்கொண்டிருந்த எதிரணியைப் பார்த்துக் கத்தினேன்.

"மண்ணாப் போயிருவீங்கடா! கிரவுண்டோட மண்ணாப் போயிருவீங்க!"

மேட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தது.

பருவம் முடிந்ததும் எங்கள் டீம் கரைய ஆரம்பித்தது. முதலில் போனவன் கோல் காக்கிற கோலி. கத்தாரில் ஒரு ஹோட்டல் வேலை. பதுளை பஸ் ஸ்டாண்டில் அவனை வழியனுப்பப் போனபோது பார்த்தால், பையின் வெளிப்பக்கத்தில் கையுறை இரண்டும் தொங்குகின்றன. கழகத்துக்கு இருந்ததே அந்த ஒரு ஜோடிதான். "அங்கயும் வெள்ளிக்கிழம லீவாம் அக்கா, பந்து அடிப்பாங்களாம்" என்றான். போகிற பையனிடம் கையுறையைக் கேட்க என் வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்தது. அவர் என் காலை மிதித்தார்.

பிறகு இரண்டு பக்கத்திலும் ஓடுகிற அண்ணன் தம்பி இருவரும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கிளம்பினார்கள். பின்னால் நிற்கிற ஒருவன், பிள்ளை பிறந்துவிட்டது, இனி ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் என்று அறிவித்தான். அது அவன் எடுத்த முடிவு இல்லை என்பது லயத்துக்கே தெரியும். மார்கழி பிறப்பதற்குள் கொப்பியில் ஏழு பேர் மிஞ்சினார்கள். அதில் கேப்டனுக்கு முழங்காலில் வலி.

வெளிநாட்டு டீம்களை டீவியில் பார்க்கிறவர்களுக்கு இது சாதாரணமாகப் படும். ஒருவன் போனால் இன்னொருவனை வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் யாரை வாங்குவது? பதினொரு பேரும் தோட்டத்தில்தான் பிறந்து வளர வேண்டும். அதற்கு எனக்குப் பிள்ளை மடுவத்தில் இன்னும் பதினைந்து வருஷம் வேலை இருந்தது.

அப்புறம் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. மூன்று நாள் பஸ் ஓடவில்லை, கரண்ட் இல்லை. நான்காம் நாள் காலையில் மடுவத்துக் கதவைத் திறந்துவிட்டு எதிர் மலையைப் பார்த்தேன். பச்சைக்கு நடுவே மேலிருந்து கீழ் வரைக்கும் சிவப்பாக ஒரு கிழிசல். அந்தத் தோட்டத்துக் கிரவுண்டில் பாதி இல்லை. நின்றுகொண்டிருந்த ஒரு கோல் போஸ்டுக்குப் பின்னால் வெறும் பள்ளம்.

ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்தின நாளே சுவரில் வெடிப்பு விட்டதைப் பார்த்து எல்லோரும் பாடசாலைக்குப் போய்விட்டார்களாம். ஆனால் இரண்டு லயங்களில் இனிக் குடியிருக்க முடியாது என்று அதிகாரிகள் எழுதிவிட்டார்கள்.

நான் கத்திய வார்த்தை எனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ கத்தி மல சரியுமா, போய் வேலையப் பாரு" என்றார். மனசு ஆறவில்லை. மறு ஞாயிறு பூசைக்கு முன்னால், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டேன்.

"ஃபாதர், நா ஆளுகளச் சபிச்சிட்டேன்."

"யார?"

"பந்து வெளையாடுற பயலுகள, ஃபாதர். மண்ணாப் போகச் சொன்னேன்."

"எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.

"அந்த இடது கால்ல அடிக்கிற பையன் டீமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஃபாதர்."

"நல்ல பிளேயர்" என்றார் அவர். பிறகு நினைவு வந்தவர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜெபம் அப்பறம் சொல்லலாம். அந்த ஸ்கூல்ல சனம் இருக்கு. போய் ஏதாவது செஞ்சிட்டு வாங்க" என்றார்.

சனிக்கிழமை போவதாக முடிவு செய்தேன். மடுவத்துத் தாய்மார் ஆளுக்கொரு சட்டை, துவாய் என்று சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு பை நிறைந்துவிட்டது. அடுத்த காம்பராப் பிள்ளையிடம் துணைக்கு வருகிறாயா என்று கேட்டு முடிப்பதற்குள் அது செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றது.

பாடசாலை வாசலில் ஒருவன் தண்ணீர்க் கலனைத் தூக்கிக்கொண்டு வந்தான். தலை முழுக்க நனைந்திருந்தது. ஜேர்சி இல்லாமல் பார்த்ததில் கொக்கு என்று தெரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவன் கலனைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பிள்ளையின் கையில் இருந்த பையை வாங்கினான். அது ஆச்சரியப்படவில்லை. வணக்கமும் சொல்லவில்லை.

"குடையக் குடுத்தேனே, அது எங்க?" என்று கேட்டது.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு இரண்டு வருஷம் விளங்கிவிட்டது. லீவு எடுத்து எடுத்து மேட்சுக்கு வந்தது, கடலையை மென்றுகொண்டு சும்மா இருந்தது, கடைசி ஆட்டத்தில் கண் கலங்கியது எல்லாம். அது துக்கக் கண்ணீர் இல்லை. நாங்கள் தோற்ற அன்றைக்கு அந்தப் பிள்ளை சந்தோஷத்தில் அழுதிருக்கிறது, என் கடலையைத் தின்றுகொண்டு!

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "வாங்க அக்கா. சும்மா நின்னா ஒங்கள அடையாளமே தெரியல. சத்தம் வந்தாத்தான் தெரியும்."

வந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்று நான் அவசரமாக ஆரம்பித்தேன். "தம்பி, அன்னைக்கி நா ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

"எந்த வார்த்தன்னு சொல்லுங்க. நெறைய இருக்கே."

"மண்ணாப் போகச் சொல்லிட்டேன்யா."

அவன் சிரிப்பதை நிறுத்தினான். மலைப்பக்கம் பார்த்தான். "அது ஒங்க வாய் இல்ல அக்கா. மேல தண்ணிக் கான் எல்லாம் அடைச்சிக் கெடந்துச்சி. தண்ணி போக வழி இல்ல. ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தோம்" என்றான். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "நீங்க சொல்லி நடக்கும்னா எங்க கோலி இன்னக்கி உசிரோடயே இருக்க மாட்டான். அவனத்தான நீங்க ரொம்ப ஏசுனது" என்றான். அவனுக்குப் பின்னால் அரிசி களைந்துகொண்டிருந்த தடித்த ஆள் ஒருவன் கையை உயர்த்திக் காட்டினான். அதுதான் கோலி.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்குகிற நேரத்தில் அதுதான் சொன்னது. "அக்கா, நா நம்ம டீமுக்கு எதிரா ஒரு நாளும் கை தட்டுனதில்ல. அவர் அடிச்சா மனசுக்குள்ள மட்டும்தான்."

தை பிறந்ததும் கல்யாணம் பேசினார்கள். பிள்ளையின் அம்மா கொழுந்து பறிக்கிறவர். புருஷன் செத்து இரண்டு வருஷம். ஒரே மகளை விட்டுவிட்டு இருக்க மாட்டேன், மாப்பிள்ளை இங்கே வந்தால் சம்மதம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கும் வேறு வீடு இல்லை. ஆக, கொக்கு எங்கள் லயத்துக்கு, எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவுக்கு வருவது முடிவாயிற்று.

செய்தி கேட்ட என் வீட்டுக்காரர் கொப்பியை எடுத்தார். கல்யாண வீட்டுச் சந்தோஷம் இல்லை அந்த முகத்தில். கோல் சந்தோஷம். ஏழுக்குக் கீழே எட்டு என்று போட்டு ஒரு கோடு இழுத்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையாக அவனை ஏற்றுக்கொண்டாயிற்று. நல்ல பையன்தான். ஆனால் எங்கள் பச்சை ஜேர்சியில் அவனை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆறு வருஷமாகப் பக்குவமாக வளர்த்த வெறுப்பு அது. திடீரென்று அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அவனோ சும்மா வரவில்லை. என் வீட்டுக்காரர் கேட்கப் போனபோது, "நா மட்டும் வர மாட்டேன் அண்ணே. எங்க கோலி, பின்னால நிக்கிற ரெண்டு பேரு, நடுவுல ஒருத்தன், எல்லாரும் வாறதுன்னா வாறேன். கிரவுண்டு இல்லாம அவனுக என்னா செய்வானுக?" என்றான். அவர்களுக்கு எங்கள் தோட்ட எல்லையில்தான் தற்காலிகத் தகரக் கொட்டில்கள் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

கழகக் கூட்டம் நடந்தது. பெண்களுக்கு அதில் இடம் இல்லை. ஆனால் பிளேன்டீ ஊற்ற ஆள் வேண்டும் என்பதால் நான் கதவடியில் நின்றேன். தலைவர் ஸ்டோரில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் காலத்தில் வெறுங்காலோடு விளையாடியவர். அவர் எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிட்டார்.

"நம்ம டீம்னா நம்ம தோட்டத்துப் பயலுகதான் வெளையாடணும். இல்லாட்டிப் போனா அது நம்ம டீம் இல்ல."

கேப்டன் முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்தார். "தலைவரே, நம்ம தோட்டத்துப் பயலுக எங்க இருக்கானுக? நாலு பேரு கொழும்புல. ஒருத்தன் கத்தார்ல. நாம வேணா அங்க போயி வெளையாடுவோமா?"

ஆளாளுக்குப் பேசினார்கள். இவர்களிடம்தானே ஆறு வருஷம் தோற்றோம், இவர்களையே கூப்பிடுவதா என்று ஒருவர். தோற்றதால்தான் கூப்பிடச் சொல்கிறேன் என்று இன்னொருவர். என் வீட்டுக்காரர் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. கெட்டிலோடு உள்ளே போய்விட்டேன்.

"எனக்கும் அவனுகளப் புடிக்காதுங்க. என்னய விட யாரும் அவனுகள ஏசியிருக்க மாட்டாங்க" என்றேன். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "ஆனா அவுங்களுக்குக் கிரவுண்டு இல்ல. நமக்கு ஆள் இல்ல. இதுக்கு மேல என்னா பேச இருக்கு?"

தலைவர் தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, பெயர் மாறக் கூடாது, நிறம் மாறக் கூடாது என்றார். வெளியே காத்திருந்த ஐந்து பேரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்தத் தடித்த கோலிதான் பதில் சொன்னான்.

"பேரு ஒங்க பேராவே இருக்கட்டும். ஜேர்சியும் ஒங்களுதே. மேஸ மட்டும் எங்களுக்கு விட்டுருங்க."

மேஸ் என்றால் காலுறை. அவர்களுடையது சிவப்பு. பச்சை ஜேர்சிக்குக் கீழே சிவப்புக் காலுறையா என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். மண் சரிவதற்கு முந்தின நாள் பாடசாலைக்கு ஓடும்போது எதையெதையோ விட்டுவிட்டு, பன்னிரண்டு ஜோடி காலுறையை மட்டும் பையோடு தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று கோலி சொன்னான். ஏன் அதைத் தூக்கினான் என்று அவனுக்கே தெரியவில்லையாம். பதினொரு பேரும் சிவப்புக் காலுறைதான் போடுவது என்று தலைவரே எழுதச் சொன்னார்.

கொப்பியில் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டார்கள். டீம் மட்டும் ஆகவில்லை. பயிற்சியில் எங்கள் பையன்கள் எங்கள் பையன்களுக்கே பந்து கொடுத்தார்கள். அவர்கள் அவர்களுக்கே. கொக்கு, இனி மாப்பிள்ளை என்று சொல்ல வேண்டும், தனியாக ஒரு மூலையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். கேப்டன் தலை நிமிர்ந்து பார்ப்பார், பிறகு வேறு பக்கம் அடிப்பார். மேட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. தோட்டத்துக் கோயிலில் கல்யாணமும் முடிந்தது. கல்யாணம் முடிந்த மறு ஞாயிறு, பிள்ளையின் அம்மா வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கிரவுண்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோல் எது, கோடு எது என்று தெரியாது. கால் மணி நேரம் பார்த்தார். மருமகன் கையைத் தூக்கிக்கொண்டே நிற்பதையும் யாரும் பந்து கொடுக்காததையும் பார்த்தார். விறுக்கென்று எழுந்தார்.

"ஏன்டா, எம் மருமவன் என்னா பாவம் செஞ்சான்? அவனுக்கும் ஒரு தடவ குடுங்கடா!"

கிரவுண்டே நின்றுவிட்டது. பிறகு ஒருவன் சிரித்தான், இன்னொருவன் சிரித்தான், கேப்டன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். அடுத்த பந்தை அவரே நேராக மாப்பிள்ளை காலுக்கு அனுப்பினார். "அத்த சொல்லிட்டாங்க, இந்தா புடி மச்சான்" என்றார். மாப்பிள்ளை அதைக் கோலுக்குள் அடிக்கவில்லை, வெளியே அடித்தான். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் ஒன்றாகப் பிளேன்டீ குடித்தார்கள்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டம் பதுளையில், ஒரு டவுன் டீமோடு. இரண்டு பஸ்ஸில் போனோம். எங்கள் சனமும் அந்தத் தோட்டத்துச் சனமும் மேட்டில் முதல் தடவையாக ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் எப்படிக் கத்துவது என்று தெரியவில்லை. அவர்கள் ஒரு விதமாகக் கைதட்டுகிறார்கள், நாங்கள் ஒரு விதமாக.

பாதி ஆட்டத்துக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டோம். டவுன் பையன்கள் வேகம். எங்கள் பின்வரிசை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு மாப்பிள்ளை இடது ஓரத்தில் ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான். ஒருவனைத் தாண்டினான். இரண்டாவது ஆளையும் தாண்டினான். அவன் அப்படி ஓடும்போது என் உடம்பு ஆறு வருஷமாக ஒரு வேலைதான் பழகியிருக்கிறது. வாய் தானாகத் திறந்தது. "விழுந்து தொலடா!" என்று கத்திவிட்டேன்.

இரண்டு தோட்டத்துச் சனமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதே நேரத்தில் வலை அசைந்தது. கோல். மாமியார்க்காரி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அவர் மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அந்தக் கண்ணீரில் எனக்குக் குழப்பம் இல்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவன் மறுபடி இடது ஓரத்தில் இருந்து ஒரு பந்தைத் தூக்கிப் போட்டான். எங்கள் கேப்டன், வலிக்கிற முழங்காலோடு எங்கிருந்தோ வந்து எழும்பித் தலையால் அடித்தார். இரண்டுக்கு இரண்டு. கடைசியில் டவுன்காரன் அடித்த ஒரு பந்தை அந்தத் தடித்த கோலி தரையோடு தரையாக விழுந்து தள்ளிவிட்டான். நான் ஆறு வருஷம் ஏசிய கோலிக்கு, அன்றைக்குத் தொண்டை கட்டுகிற மட்டும் கத்தினேன். ஜெயிக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது ஜெயித்தவர்களைப் போலத்தான் வந்தோம்.

நமுனுகுலை மலை தெரிகிற வளைவில் கேப்டன் என் வீட்டுக்காரரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, என்னய எழுதிறாதீங்க. காலு வீங்கிருச்சி. இதுதான் கடைசி" என்றார். என் வீட்டுக்காரர் கொப்பியைத் திறந்தார், ரொம்ப நேரம் அந்தப் பெயரைப் பார்த்தார், வெட்டாமல் மூடி வைத்தார்.

மறுநாள் காலை பைப்படியில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பூட்ஸைக் கழுவ வந்தான். அவன் காது வரைக்கும் சிரிப்பு. ஆனால் வாயைத் திறந்ததும் கவலைதான்.

"கேப்டனும் நின்னுட்டாரு, நடுவுல ஆள் இல்லாமப் போச்சே அக்கா. கொஸ்லந்தப் பக்கத்துல ஒருத்தன் இருக்கான். நீங்க பாத்திருப்பீங்க. குட்டையா, தலையில பட்டி கட்டிக்கிட்டு வருவான். அவன் எப்புடி?"

எனக்குத் தெரியும். அவனையும் நான் நன்றாகவே ஏசியிருக்கிறேன். ஏசுவதற்காக ஒருவனை ஆட்டம் முழுக்கப் பார்த்தால் அவன் என்ன செய்வான், என்ன செய்ய மாட்டான் என்று எல்லாம் தெரிந்துவிடும்.

"நல்லாத்தான் வெளையாடுவான். ஆனா வலது பக்கம்தான் திரும்புவான். ஓட்டமும் கடைசிப் பத்து நிமிஷத்துல நின்னுரும்" என்றேன். "அத நாம சரி பண்ணிக்கலாம். அவன் நம்ம தோட்டத்துப் பொம்பளப்புள்ள யாரையும் பாத்து வச்சிருக்கானான்னு மொதல்ல விசாரி."

மாப்பிள்ளை பூட்ஸை உதறிவிட்டுப் போனை எடுத்தான். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.